கல்கத்தாவில் ஒரு நோய்க்குறியியல் ஆசிரியர்: மருத்துவர் ஆய்வாளராகும் பாதை

(மருத்துவக் கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு மேசைக்குப் பக்கத்தில் தயங்கி நிற்கிற மாணவர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் இருப்பார். "சார், எனக்கு ரிசர்ச்சுல ஆர்வம் இருக்கு. டாக்டர் தொழிலை விட்டாத்தான் அதெல்லாம் முடியுமா?" என்று கேட்பார். வீட்டில் அம்மாவும் அப்பாவும் அவருக்காக ஒரு கிளினிக்கை மனத்துக்குள் கட்டி முடித்திருப்பார்கள். ஹவுஸ் சர்ஜன் காலம் முடிவதற்கு முன்பே பி.ஜி. நுழைவுத் தேர்வுக்கான கோச்சிங் தொடங்கியிருக்கும். அந்த நெருக்கடிக்கு நடுவில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கத் துணிச்சல் வேண்டும். வகுப்பறை வாசலில் நின்றபடி சொல்லும் பதிலைவிட நீளமான ஒரு பதில் அந்தத் துணிச்சலுக்கு உரியது. இன்று அதைச் சொல்ல இந்த மேடை வாய்த்திருக்கிறது.

விட வேண்டாம் என்பதே என் பதில். நோயாளி படுத்திருக்கும் வார்டு, சோதனை செய்யும் அறை, பாடம் நடக்கும் வகுப்பு ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடத்தில்தான் மருத்துவ ஆய்வாளர் நன்றாக உருவாகிறார். நம் நாட்டில் அந்த இடம் மருத்துவக் கல்லூரி. அங்கே ஆசிரியராக அமர்வது ஆய்வாளர் ஆவதற்கான நேர்வழி. அந்த வழியைத்தான் நாம் பெரும்பாலும் அடைத்து வைத்திருக்கிறோம். இதை ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு சொல்கிறேன். அவர் பெயர் சம்புநாத் தே. நம் பாடநூல்களில் காலரா பற்றிய அத்தியாயம் இருக்கிறது, அதில் நச்சு பற்றிய பத்தியும் இருக்கிறது. அந்தப் பத்தியை எழுத வைத்தவரின் பெயர் பல மாணவர்களுக்குத் தெரியாது.

1. கேள்வி வார்டில் பிறந்தது

சம்புநாத் தே 1915 பிப்ரவரி 1 அன்று வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்னும் கிராமத்தில் பிறந்தார். பணவசதி இல்லாத குடும்பம். உதவித்தொகையாலும் உறவினர் ஆதரவாலும் படித்து மேலே வந்தவர். ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியில் படித்துவிட்டுக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1939இல் எம்.பி. பட்டமும் 1942இல் வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமாவும் பெற்றார். அதே கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனார்.

டெமான்ஸ்ட்ரேட்டர் என்பது துறையின் கடைசி நாற்காலி. இங்கே அமர்ந்திருக்கும் டியூட்டர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியும். காலையில் பிரேதப் பரிசோதனை மேசையில் பேராசிரியருக்கு உதவ வேண்டும். உறுப்புகளை ஃபார்மலின் ஜாடியில் ஏற்றி, சீட்டு ஒட்டி, மியூசியத்தில் அடுக்க வேண்டும். பிற்பகலில் மாணவருக்கு ஸ்லைடு காட்டி ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சலிப்பான வேலை என்று பலர் ஒதுங்குவார்கள். ஆனால் ஒரு நகரம் எந்தெந்த நோயால் சாகிறது என்பது அந்த மேசையோரம் நிற்பவருக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது.

கல்கத்தா காலராவால் செத்துக்கொண்டிருந்த நகரம். கங்கைக் கழிமுகம் அந்த நோயின் தாய்வீடு. 1943இல் பஞ்சம் வந்தபோது பட்டினியோடு காலராவும் சேர்ந்து வங்காளத்தைச் சூறையாடியது. தே அப்போது கீழ்நிலை ஆசிரியர்.

1884இல் ராபர்ட் கோக் இதே கல்கத்தாவில் இருந்தார். நோயாளிகளின் குடலிலிருந்து காற்புள்ளி வடிவக் கிருமியைப் பிரித்தெடுத்து, காலராவுக்கு இதுவே காரணம் என்றார். அந்தக் கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்ற ஊகமும் அவருக்கு இருந்தது. அந்த நஞ்சை அவரால் காட்ட முடியவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களாலும் முடியவில்லை. இப்படியே 75 ஆண்டுகள் போயின.

திறமை குறைந்தவர்கள் தேடினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தேடிய இடம்தான் வேறு. செத்த கிருமியின் உடலிலிருந்து கசியும் நஞ்சு இரத்தத்தில் கலந்து ஆளைச் சாய்க்கிறது என்பது அன்றைய பொதுக்கருத்து. ஆகவே கிருமிச் சாற்றை விலங்குகளின் இரத்தக் குழாயிலும் வயிற்றறையிலும் ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். விலங்கு செத்தது. ஆனால் அதற்குக் காலரா வரவில்லை.

காலரா வார்டில் ஓர் இரவு நின்றவருக்கு நோய் எங்கே நடக்கிறது என்பதில் ஐயம் வராது. கட்டிலின் நடுவில் ஓட்டை, அதன் கீழே வாளி. கழுநீர் போன்ற பேதி, கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். கண் குழி விழும், குரல் கம்மிப்போகும், கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும், கிள்ளிய தோல் கிள்ளியபடியே நிற்கும். காய்ச்சல் பெரும்பாலும் இராது. இத்தனைக்கும் நடுவில் நினைவு தெளிவாக இருக்கும், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நீர் வற்றித்தான் அந்த உயிர் போகிறது. இவ்வளவு நீர் குடலுக்குள் எப்படி வந்தது என்பதே அந்தக் கட்டிலோரம் எழும் கேள்வி. தே கையில் எடுத்தது அந்தக் கேள்வியை. ஆய்வுக்கூடத்திலேயே வளர்ந்த கேள்வி 75 ஆண்டுகள் இரத்தத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. வார்டிலிருந்து வந்த கேள்வி நேரே குடலுக்குப் போனது.

2. முறையை வேறோர் இடத்தில் கற்றார்

கேள்வி இருந்தால் போதாது. அதைச் சோதனையாக மாற்றத் தெரிய வேண்டும். நம் மருத்துவப் படிப்பு அதைக் கற்றுத் தருவதில்லை, இன்றும்தான்.

1947இல் தே லண்டன் சென்று, யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில் சர் ராய் கேமரனிடம் பி.எச்டி. மாணவராகச் சேர்ந்தார். 1949இல் பட்டம் பெற்றார். அங்கே அவர் ஆராய்ந்தது மூளையில் நீர் கோப்பதையும் நுரையீரலில் நீர் கோப்பதையும். காலராவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். அவருடைய கட்டுரைகளைப் படித்த எனக்கு ஒரு தொடர்பு தெரிகிறது. இருக்கக் கூடாத இடத்தில் நீர் ஏன் தேங்குகிறது என்பதுதான் அந்த இரண்டு ஆய்வுகளிலும் உள்ள கேள்வி. அதை உயிருள்ள விலங்கில் உண்டாக்கி, அளந்து, திசுவை வெட்டிப் பார்த்துப் பழகினார். ஊர் திரும்பிக் குடலைப் பார்த்தபோது அவர் கை ஏற்கெனவே தயாராக இருந்தது.

பி.எச்டி.க்கு எந்தத் தலைப்பை எடுப்பது என்று அலைமோதும் இளம் மருத்துவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தலைப்பு அவ்வளவு முக்கியமில்லை. ஒரு சோதனையில் எதை மாற்றுவது, எதை மாற்றாமல் வைத்து ஒப்பிடுவது, முடிவு தவறினால் எந்தப் படியில் தவறியது என்று எப்படிப் பிரித்தறிவது என்பதையெல்லாம் ஒரு நல்ல ஆசிரியரின் பக்கத்தில் இருந்து கைப்பழக்கமாக்கிக்கொள்வதுதான் முக்கியம்.

லண்டன் போகும்போது தேவுக்கு வயது 32. கிளினிக் வைத்திருந்தால் பேரும் வருமானமும் வந்திருக்கக்கூடிய வயதில் அவர் மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தார். மருத்துவர் ஆய்வாளராகும் பாதையில் இதுதான் மிகக் கடினமான திருப்பம். வீட்டின் எதிர்பார்ப்பு, கூடப் படித்தவர்களின் கார், தாமதமாகும் கல்யாணம், எல்லாம் இந்த இடத்தில்தான் வந்து அழுத்தும். அதைத் தாங்குவதற்கு மனவுறுதி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. திரும்பி வந்தால் உட்கார ஒரு நாற்காலி இருக்கிறது என்ற உறுதியைத் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை.

3. முயலின் குடல்

தேவுக்கு அந்த நாற்காலி கிடைத்தது. கல்கத்தாவின் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே காலரா ஆய்வைத் தொடங்கினார். விலை உயர்ந்த கருவி ஏதும் அவரிடம் இல்லை. முயல், நூல், ஊசி, கிருமி வளர்ப்பு ஆகியவை இருந்தன. எந்த மருத்துவக் கல்லூரியிலும் இருக்கக்கூடியவை.

அவர் செய்த சோதனையை, நான் முதுநிலை மாணவனாக இருந்தபோது என் ஆசிரியர் செய்துகாட்டப் பார்த்திருக்கிறேன். முயலுக்கு முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுவார்கள். மயக்கம் கொடுத்து, வயிற்று மயிரை மழித்து, நடுவில் ஒரு சிறு கீறல். விரல்விட்டுச் சிறுகுடலை மெல்ல வெளியே எடுத்ததும் ஈரமான பஞ்சுத் துணியால் மூடுவார், காய்ந்துவிடக் கூடாது. சுமார் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டைத் தேர்ந்து இரு முனையிலும் நூலால் முடிச்சிடுவார். குடலை ஊட்டும் இரத்தக் குழாய் அந்த முடிச்சில் சிக்கிவிடக் கூடாது. சிக்கினால் குடல் அழுகிப்போகும், சோதனையே வீண். அப்படிப் பிரித்த துண்டுக்குள் கிருமி வளர்ப்பிலிருந்து ஒரு மில்லி ஊசியால் செலுத்துவார். சற்றுத் தள்ளி அதே நீளத்தில் இன்னொரு துண்டைக் கட்டி, அதில் கிருமி இல்லாத வளர்ப்பு நீரை மட்டும் செலுத்துவார். குடலை உள்ளே வைத்துத் தையல் போட்டுவிட்டு மறுநாள் திறப்போம்.

கிருமி இல்லாத துண்டு வைத்தபடியே சப்பையாகக் கிடந்தது. கிருமி சேர்ந்த துண்டு காற்றடித்த சைக்கிள் டியூப் போல விறைத்து உப்பியிருந்தது. ஆசிரியர் ஊசியால் உறிஞ்சி, சோதனைக் குழாயில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கழுநீர். வாளியில் பார்த்த அதே கழுநீர். நான் நோய்க்குறியியலில் நிலைத்து நின்றதற்கு அந்தக் குழாய் ஒரு காரணம்.

தேவும் அவருடன் பணியாற்றிய சாட்டர்ஜியும் இந்தச் சோதனையை 1953இல் வெளியிட்டார்கள். காலராவை ஒரு விலங்கின் குடலில், நோய் நடக்கும் இடத்திலேயே காட்டிவிட்டார்கள். 1956இல் தே, பட்டாசார்யா, சர்க்கார் மூவரும் இதே முறையைப் பேதி நோயாளிகளிடம் கிடைத்த ஈ.கோலை கிருமிகளில் சோதித்தார்கள். அவற்றில் சிலவும் குடல் துண்டை நிரப்பின. சாதாரணமாகக் குடலில் வாழும் கிருமி என்று எண்ணியிருந்த ஒன்றின் சில வகைகள் பேதிக்குக் காரணம் என்ற அறிவு வளர அது வழி திறந்தது.

அடுத்த கேள்வி கிருமியே குடலைத் தூண்டுகிறதா, அது வெளிவிடும் பொருள் தூண்டுகிறதா என்பது. தே கிருமியைப் பெப்டோன் நீரில் வளர்த்து, அந்த நீரை வடிகட்டினார். உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாத அந்த வடிநீரைக் குடல் துண்டுக்குள் செலுத்தினார். துண்டு உப்பியது. 1884இல் கோக் ஊகித்த நஞ்சு கிடைத்துவிட்டது. 1959 மே 30 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிய கட்டுரையாக அது வந்தது. ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று. அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் நித்ய குமார் தத்தா குழுவினரும் முயல் குட்டிகளைக் கொண்டு, கிருமியிலிருந்து பெற்ற சாறு காலராவை உண்டாக்குவதைக் காட்டினார்கள். இருவரையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

நச்சு குடல் உயிரணுக்களைக் கொல்வதில்லை, அவற்றை இடைவிடாமல் நீர் சுரக்க வைக்கிறது என்பது பின்னர் தெளிவாகியது. குடலின் உள்தோல் உரிந்துபோகிறது என்ற பழைய எண்ணம் தகர்ந்தது. உள்தோல் முழுதாக இருக்கிறது என்றால் உறிஞ்சும் வேலையும் அதற்குத் தெரிந்திருக்கும். சர்க்கரையும் உப்பும் சேர்ந்தால் குடல் நீரை உறிஞ்சும் என்ற இன்னோர் ஆய்வு வழி இதனோடு வந்து கலந்தது. அந்த வழிக்குத் தே காரணமில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்துதான் உப்புச் சர்க்கரைக் கரைசலை வாயால் கொடுக்கும் மருத்துவத்துக்கு அறிவியல் அடித்தளம் அமைந்தது. 1968இல் டாக்காவில் அதை நோயாளிகளிடம் நிறுவினார்கள். 1971இல் பங்களாதேஷ் அகதிகள் நிறைந்திருந்த பங்கான் முகாமில், சலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலனாபிஸ் அதையே நம்பி இறங்கினார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த சாவு 3.6 விழுக்காடாக இறங்கியது. மஹலனாபிஸ் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து 1958இல் பட்டம் பெற்றவர். அவர் அங்கே மாணவராக இருந்தபோதே, 1955இல், தே அந்தக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறைத் தலைவராக அமர்ந்தார்.

4. நாற்காலி தராதது

1955 முதல் 1973இல் ஓய்வு பெறும் வரை தே கல்கத்தா மருத்துவக் கல்லூரியில்தான் இருந்தார். அந்தப் பதவி அவருக்குக் கேள்வியையும் மாணவரையும் தந்தது. அதைத் தாண்டி அடுத்த படிக்குப் போக வேண்டிய துணையைத் தரவில்லை. நச்சைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கப் புரத வேதியியல் தெரிந்தவர்களும் அதற்கான வசதியும் வேண்டும். அது 1969இல் அமெரிக்காவில் ஃபிங்கெல்ஸ்டைன், லோஸ்பல்லூட்டோ ஆகியோர் கையில் நடந்தது. கண்டவர் ஓர் இடம், பிரித்தெடுத்தவர் வேறு இடம் என்று ஆனதில் எனக்குப் பொறாமை இல்லை. அறிவியல் அப்படித்தான் நகரும். ஆனால் அதே வளாகத்தில் ஒரு நல்ல உயிர்வேதியியல் துறை அவரோடு கைகோத்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவரை அந்தப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1985 ஏப்ரல் 15 அன்று தே இறந்தார். அதுவரை இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்திருக்கவில்லை. 1990இல்தான் 'கரண்ட் சயன்ஸ்' இதழ் அவர் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது. மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அறிவியலாளராக இருக்கக்கூடும் என்பதே அன்றைய அறிவியல் உலகின் கண்ணில் படவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

5. நாற்காலியே கிடைக்காதவர்

இந்த இடத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர் ஒருவரையும் நினைக்க வேண்டும். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தார். இரு சகோதரர்களை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். கல்லூரியில் கதர் அணிந்ததால் ஒரு பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார். அதன் பின் அமெரிக்கா சென்று, பாஸ்டன் மருத்துவமனையில் இரவு ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆய்வில் நுழைந்தார். இரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்க ஃபிஸ்கேயும் அவரும் 1925இல் தந்த முறையை உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் செய்திருக்கிறார்கள். பாஸ்போகிரியாட்டின், ஏ.டி.பி. ஆகிய இரண்டிலும் அவர் பெயர் இருக்கிறது. 1930இல் பி.எச்டி. பெற்றார். ஆனால் ஹார்வர்டில் நிரந்தர ஆசிரியர் பணி அவருக்குக் கிடைக்கவில்லை.

1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலம், அதன் வழியாக மெத்தோட்ரெக்சேட், நம் ஊர்களில் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை என்று அங்கிருந்து வந்தவற்றை நீங்கள் தினமும் மருந்துச் சீட்டில் எழுதுகிறீர்கள். அப்படியானால் நாற்காலி இல்லாமலும் பெரிய பணி செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம், அவர் செய்தார். 1948இல், 53 வயதில் இறந்துவிட்டார். அவரிடம் பயின்று, அடுத்தவருக்குக் கற்பித்து, அப்படியே தொடரும் மாணவர் வரிசை ஒன்று சென்னையில் உருவாகவில்லை. ஸ்ப்ரூ நோயாளிகள் நிறைந்திருந்த ஊரில் அந்த நோயைத் தன் வீட்டிலேயே கண்ட ஒருவருக்கு நாம் ஒரு மேசை தரவில்லை.

6. வேலூரில் நடந்தது

அந்த ஸ்ப்ரூவை நம் மாநிலத்திலேயே, மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே ஆராய்ந்த இடமும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வெல்கம் ஆய்வுப் பிரிவைச் செல்வின் பேக்கர் நடத்தினார். குடல் நோய் ஆய்வு அங்கே ஒரு மரபாகவே வேரூன்றியது. அந்த மரபு பின்னால் ககன்தீப் காங் போன்றவர்களைத் தந்தது.

காங்கின் பாதையைப் பாருங்கள். 1987இல் அதே கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., 1991இல் நுண்ணுயிரியலில் எம்.டி., 1998இல் பி.எச்டி. அதன்பின் ஹூஸ்டனில் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டஸிடம் ரோட்டா வைரஸ் ஆய்வுப் பயிற்சி. திரும்பி வேலூரில் ஆசிரியர் பணி. தே நடந்த அதே வழி: மருத்துவம் உள்ளூரில், முறை வெளியூரில், கேள்வி மறுபடியும் உள்ளூரில்.

வேலூரின் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை காங் குழுவினர் தொடர்ந்து கவனித்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்குப் போவார்கள், இரு வாரத்துக்கு ஒருமுறை குழந்தையின் மலத்தைச் சோதனைக்கு எடுத்து வருவார்கள். மூன்று ஆண்டுகள் ஒரு தாய் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்றால், குழந்தைக்கு ஏதாவது ஆனால் பார்க்க ஓர் ஆஸ்பத்திரி பின்னால் இருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டும். தனித்து நிற்கும் ஆய்வு நிறுவனத்துக்கு அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பது கடினம். 2011இல் வெளியான முடிவு முக்கியமானது. மெக்சிகோ நாட்டுக் குழந்தைகளுக்கு இருமுறை தொற்று வந்தாலே கடுமையான ரோட்டா பேதியிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைத்ததாக முன்பு கண்டிருந்தார்கள். வேலூர்க் குழந்தைகளுக்கு மூன்றுமுறை வந்த பிறகும் 79 விழுக்காடு பாதுகாப்புதான். பிற நாட்டு எண்ணை வைத்து நம் குழந்தைக்குத் தடுப்பூசித் திட்டம் போட முடியாது என்று அது காட்டியது. இந்தியாவில் உருவான ரோட்டாவாக் மருந்தின் பெரிய சோதனை நடந்த மூன்று மையங்களில் வேலூரும் ஒன்று. 2016இல் அந்தச் சொட்டுமருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 2019இல் ககன்தீப் காங் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இந்தியாவில் பணியாற்றும் பெண் அறிவியலாளர் ஒருவருக்கு அது முதல்முறை.

7. நம் கல்லூரிகளில்

2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்கள் என்ன ஆய்வு வெளியிட்டன என்று டாக்டர் சமீரன் நந்தியும் அவருடன் பணியாற்றியோரும் கணக்கெடுத்தார்கள். 332 நிறுவனங்களிலிருந்து, அதாவது பாதிக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து, பத்தாண்டில் ஒரு கட்டுரைகூட வரவில்லை. அங்கெல்லாம் வார்டு இருக்கிறது, நோயாளி இருக்கிறார், மாணவர் இருக்கிறார். நேரமும் மேசையும் ஊக்கமும் இல்லை.

பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை வேண்டும் என்ற விதி வந்த பிறகு கட்டுரைகள் கூடியிருக்கின்றன. அவற்றில் பல, பதவி உயர்வு வந்த நாளோடு மறக்கப்படுபவை. விதி கட்டுரையை உண்டாக்கும், கேள்வியை உண்டாக்காது. கேள்வி உண்டாக வேண்டுமானால், ஆசிரியர் வாரத்தில் இரண்டு அரை நாளாவது ஓ.பி., டியூட்டி, வகுப்பு எதுவும் இல்லாமல் ஆய்வுக்கென இருக்க வேண்டும். அந்த நேரத்தைச் சலுகையாகக் கருதாமல் டியூட்டி ரோஸ்டரிலேயே எழுத வேண்டும். பி.எச்டி. செய்யப் போகும் ஆசிரியரின் பணிமூப்பு அறுபடக் கூடாது. விலங்குக் கூடத்துக்கு அனுமதி பெற்று, அதைப் பராமரிக்கப் பயிற்சி பெற்ற டெக்னீஷியனை நிரந்தரமாக நியமிக்க வேண்டும். கவுன்சிலிங்கில் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், உடலியங்கியல் இடங்கள் கடைசியில் மிஞ்சி நிற்பதைக் கண்டு வருந்துகிறோம். அந்தத் துறைகளில் ஆய்வு நடக்கிறது என்று தெரிந்தால், ஆசையோடு கேட்டு வாங்கிக்கொள்ளும் பிள்ளைகளும் வருவார்கள்.

நம் ஊர் ஆய்வு மேசை விழித்திருக்க வேண்டியதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1992 அக்டோபரில் சென்னையில் காலரா நோயாளிகளிடம் கிடைத்த கிருமி, அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய வகைக்குரிய ஓ1 ஆன்டிசீரத்தோடு ஒட்டவில்லை. அது காலரா இல்லை என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த ஸ்லைடைப் பார்த்திருக்கலாம். கட்டிலில் கிடப்பது காலரா, மேசையில் வருவது வேறு என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களால்தான் ஓ139 என்னும் புதிய வகை உலகுக்குத் தெரிந்தது.

மாணவர்களுக்கு ஒரு வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் இரண்டு மாதம் ஆய்வு செய்ய ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் குறுங்கால உதவித்தொகை தருகிறது. விண்ணப்பிக்க ஒரு கைடு வேண்டும். அந்தக் கைடைத் தேடித்தான் பிள்ளைகள் துறை துறையாக அலைகிறார்கள். கல்லூரி முதல்வர் அவர்களிடம் என் வேண்டுகோள்: ஒவ்வொரு துறையிலும் மாணவரை ஏற்கத் தயாராக உள்ள ஆசிரியர்களின் பெயரையும் அவர்கள் இப்போது எந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறார்கள் என்பதையும் தகவல் பலகையில் ஒட்டுங்கள். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு முதல் வட்டியில் ஒரு பகுதியை அந்த மாணவர்களின் ஆய்வுப் பொருள்களுக்கு ஒதுக்குங்கள். எனக்கு இன்று அளித்த மதிப்பூதியத்தை அதன் முதல் தொகையாக வைத்துக்கொள்ளுங்கள். நோய்க்குறியியல் துறையின் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு பிற்பகல் வந்து அமர நான் தயார்.